ஏலக்காய் குடோனில் பேசி ஏற்றும் கணக்கு: ‘ஏழு’ எட்டாக விழுகிறது

போடி_இருப்பு:
போடியில் ஏலக்காய் குடோன். மூட்டை இறங்கும்போது லாட் எண், தரம், எடை மூணையும் போன் கீபோர்டு மைக்கில் பேசி கூகுள் ஷீட்டில் ஏற்றுகிறோம். ‘ஏழு’ சிலசமயம் எட்டாகுது. ‘நானூத்திப் பதினேழு’ ஒருதடவை 417, ஒருதடவை 400 17, ஒருதடவை எழுத்தாகவே விழுது. சலிப்பு மெஷின் ஓடினால் இன்னும் மோசம். ஆட்களில் பாதிப் பேர் மலையாளம் கலந்து பேசுறவங்க. என்ன வழி?

கம்பம்மெட்டு:
அந்த மைக் வாக்கியம் எழுதறதுக்கு உண்டானது அண்ணே. எந்தச் சொல் வரும்னு ஊகிச்சு எழுதும். லாட் எண்ணில் ஊகிக்க என்ன இருக்கு? குறிப்பிட்ட சொற்களை மட்டுமே கேட்கிற மென்பொருள் வேணும். வோஸ்க் இலவசம், நெட் இல்லாமலே ஓடும். அதோட இந்திய ஆங்கிலச் சின்ன மாடல், அதாவது பேச்சை அடையாளம் காண அது பயன்படுத்துற கோப்பு, 36 எம்பிதான். போன் நம்பரை எல்லாரும் இங்கிலீஷில்தானே சொல்றோம்? லாட் எண்ணையும் அப்படியே ‘ஃபோர் ஒன் செவன்’னு ஒவ்வொரு இலக்கமாச் சொல்லச் சொல்லுங்க. மலையாளச் சிக்கலும் அதோட தீரும். ‘ஃபைவ்’, ‘நைன்’ மட்டும் குழம்பும். ஒயர்லெஸ்ஸில் ‘நைனர்’னு சொல்றதே அதுக்குத்தான்.

பட்டியலில் பத்து இலக்கம், தரப் பெயர்கள், ‘ஓகே’, ‘கேன்சல்’ போதும். ‘பட்டியலில் இல்லாத சொல்’ என்பதற்கான குறியீட்டையும் மறக்காமச் சேருங்க. அது இல்லேன்னா பக்கத்தில் நடக்கிற பேச்சையெல்லாம் இழுத்துப்பிடிச்சு ஏதோ ஒரு எண்ணாக்கிடும். கேட்ட எண்ணை போன் திருப்பிச் சொல்லணும், ‘ஓகே’ சொன்ன பிறகே பதிவாகணும். இதை விட்டுட்டா மத்ததெல்லாம் வீண்.

எடைமேடை:
எடையை வாயால் சொல்லவே வேண்டாம். ‘அம்பது கிலோ இருநூறு’ன்னா நமக்கு 50.200; மெஷினுக்கு 50200. எலக்ட்ரானிக் தராசு நிறையவற்றில் ஆர்எஸ்-232 போர்ட் இருக்கும். கேபிள் போட்டு நேரே கம்ப்யூட்டருக்கு எடுங்க. இரண்டு பக்கமும் பாட் ரேட், அதாவது தகவல் அனுப்புற வேகம், ஒண்ணா இல்லேன்னா குப்பை எழுத்து வரும். எண் ஆடி நின்ன பிறகுதான் படிக்கணும்.

போடி_இருப்பு:
சரிங்க. சத்தத்துக்கு? சாதா ப்ளூடூத் ஹெட்செட் போதுமா?

கம்பம்மெட்டு:
காதில் மாட்டுற பட்ஸ் வேண்டாம், மைக் வாயிலிருந்து தூரம். தண்டு மைக் வாங்கி, வாய் ஓரத்திலிருந்து இரண்டு விரக்கடை தள்ளி வைங்க. நேர் முன்னால் வெச்சா மூச்சுக்காத்து இரையும். ப்ளூடூத்தில் பேச்சு பழைய முறையில் 8 கிலோஹெர்ட்ஸாக் குறுகிடும், குரல் தெளிவு போயிடும். 16 தர்ற ‘வைட்பேண்ட்’ ஹெட்செட்டும் அதை ஏத்துக்கிற போனும் வேணும். ஒயர் உள்ளதுன்னா அந்தத் தொல்லையே இல்லை, மூட்டையில் மாட்டாமச் சட்டைக்குள்ளே விடுங்க. மைக் பஞ்சில் ஏலத்தூசி அடைச்சா குரல் மங்கும். ஆளுக்கொரு பஞ்சு கொடுத்து அடிக்கடி மாத்துங்க.

எடைமேடை:
இன்னொண்ணு, அடுக்குக்கு அடுக்கு இரண்டு இலக்க எண் ஒட்டுங்க, வரிசையா இல்லாம. ஆள் சரியான அடுக்குக்கிட்டதான் நிக்கிறாரான்னு தெரிய, அதைப் படிச்சுச் சொன்னாத்தான் பதிவு திறக்கணும். மனப்பாடமாயிட்டா அடுக்கைப் பார்க்காமலே சொல்லிடுவாங்க, அதனால் அப்பப்போ எண்ணை மாத்தணும்.