ஆல்டெக்ரேவரின் வாளுறை வடிவங்கள்: பட்டறைக்கா, ஆல்பத்துக்கா?

செதுக்கல்: ஜெர்மனியின் சோயஸ்ட் நகரத்து ஹைன்ரிஷ் ஆல்டெக்ரேவர் 1530களில் செப்புத் தகட்டில் வெட்டி அச்சிட்ட குத்துவாள் உறை வடிவங்களைப் பார்த்தேன். அத்தனை சிறிய இடத்தில் இலையும் கொடியும் மனித உருவங்களும்! பொற்கொல்லர்கள் பார்த்துச் செய்யத்தான் இவற்றை அச்சிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நூலகவாசி: எனக்கு இருக்கிறது. சேகரிப்பவர்கள் ஆல்பத்தில் வைத்து ரசிக்கத்தான் வாங்கினார்கள் என்று நினைக்கிறேன். இந்த அச்சுகளை அப்படியே பார்த்துச் செய்த பொருள்கள் மிகக் குறைவாகவே கிடைத்திருக்கின்றன. தாள்களோ பட்டறையில் புழங்கிய கறையில்லாமல் இருக்கின்றன. கொலம்பஸின் மகன் எர்னாந்தோ கோலோன் 1539இல் இறந்தபோது அவரிடம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுப்படங்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் அலங்கார வடிவங்களும் உண்டு. அவர் பொற்கொல்லர் அல்ல, சேகரிப்பவர்.

செதுக்கல்: வெள்ளி எப்படி மிஞ்சும் நண்பரே? பாணி மாறினாலும் போர் வந்தாலும் உருக்கிவிடுவார்கள். அப்புறம், அந்தக் காலத்துக் கிண்ண வடிவங்கள் சிலவற்றில் இடப்பாதி ஒரு மாதிரி, வலப்பாதி வேறு மாதிரி இருக்கும். பிடித்த பாதியைத் திருப்பிப் போட்டு முழுக் கிண்ணமாக்கிக்கொள்ளலாம், ஒரே தாளில் இரண்டு கிண்ணம். ரசிக்க மட்டும் வரைபவர் இப்படி வரைவாரா? நியூரம்பெர்க் பொற்கொல்லர் பவுல் ஃப்ளின்ட், வெள்ளியில் பொட்டு வைக்கும் உளியாலேயே தகட்டில் பொட்டுப் பொட்டாகக் குத்தி அச்சிட்டார்.

ஆரிக்கை: நான் ஆரி வேலை செய்பவள். தாளில் கோட்டோடு கோடாக ஊசியால் குத்தி, துணிமேல் வைத்துப் பொடி தேய்ப்போம். 1520களில் கொலோன் நகரில் பேட்டர் குவென்டல் அச்சிட்டது போன்ற பூத்தையல் மாதிரிப் புத்தகங்களின் தாள்களையும் இப்படிக் குத்தித்தான் பயன்படுத்தினார்கள். பல முறை தேய்த்தால் தாள் கிழிந்துவிடும். உழைத்த பிரதி குப்பைக்குப் போனது, யாரும் தொடாத பிரதி அருங்காட்சியகத்துக்கு வந்தது. கறையில்லாத தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நூலகவாசி: இது நான் யோசிக்காதது சகோதரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆல்டெக்ரேவர் தன் முத்திரை எழுத்தையும் ஆண்டையும் போடுகிறார். பட்டறைக்கு அவை எதற்கு?

செதுக்கல்: பெயர் போட்டால் பட்டறைக்காரரும் அடுத்த தாளைத் தேடி வாங்குவார். ஸ்ட்ராஸ்பூரில் ஹைன்ரிஷ் ஃபோக்தெர் 1538இல் ஒரு மாதிரிப் புத்தகம் போட்டார். மனைவி மக்களை விட்டுவிட்டு வெளிநாடு போய்ப் பார்க்க முடியாத கலைஞர்களுக்காக என்று முன்னுரையிலேயே சொல்கிறார். வாங்கியது யார் என்பது தெரிகிறதா?

நூலகவாசி: ஃபோக்தெர் விஷயத்தில் தெரிகிறது. அது தலை, கை, கால், கவசம் எல்லாம் அடங்கிய மலிவான மரக்கட்டை அச்சு. செப்புத் தகட்டுத் தனித்தாள் வேறு. ஆல்டெக்ரேவரின் தாளோடு பொருந்தும் ஒரு உறையைக் காட்டுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.