புது ரேக் வந்தால் எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு என்ன?

தடா சீசன்காரன்

தினமும் ஆந்திர எல்லையிலிருக்கும் தடாவில் ஏறி, சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷன் வரை போய்வருகிறவன் நான். பாரிமுனைப் பக்கம் ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சீசன் எடுக்க ஆரம்பித்துப் பதினோரு வருஷம். எங்கள் பெட்டியில் ஒரு மாதமாக ஒரே பேச்சு: பழைய யூனிட்டுகளை, அதாவது இந்த மின்சார லோக்கல் வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புது ரேக், அதாவது பெட்டி கோத்த முழு வண்டியே புதுசு, விடப்போகிறார்களாம். யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு மச்சானைக் கை காட்டுகிறார்கள்.

போன வாரம் வரதையபாளையம் ரோடு பிரிகிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீசிட்டிப் பக்கமிருந்து நீளமான டிரெய்லர் ஒன்று வந்தது. மேலே தார்ப்பாய் போர்த்திய ரயில் பெட்டி. முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு நடந்துகொண்டே 'ஜரகண்டி, ஜரகண்டி' என்று ஷேர் ஆட்டோக்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான். பெட்டி திரும்பி முடிக்கும் வரை டீக்கடைக்காரர் பால் பொங்குவதைக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இருக்கும் அல்ஸ்டோம் ஆலையில்தான் சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் பெட்டி செய்தார்கள். சிட்னிக்கும் கனடாவின் மாண்ட்ரியாலுக்கும்கூட இங்கிருந்துதான் கப்பலேறின. அந்த இரண்டு ஊரிலும் டிரைவரே இல்லாமல் ஓடுகின்றன. இத்தனைக்கும் ஆலை இருப்பது நாங்கள் சீசன் எடுக்கும் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். எங்கள் வண்டிக்கு என்ன வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

எனக்குச் சர்க்கரை. தண்ணீர் நிறையக் குடி என்கிறார் டாக்டர். காலையில் வீட்டில் நிரப்பிக் கொடுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலைக் கடைக்குப் போய்த்தான் திறப்பேன். யூனிட் வண்டியின் அமைப்பிலேயே கழிவறை கிடையாது. கொருக்குப்பேட்டையில் ஏறி அடுத்து வரும் பேசின் பிரிட்ஜில் இறங்குகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சூலூர்பேட்டையில் ஏறுகிறவருக்கு மூர் மார்க்கெட் 83 கிலோமீட்டர். ஒரு முறை தாங்க முடியாமல் கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஓடினேன். திரும்பி வந்தபோது வண்டியும் இல்லை, அதிலிருந்த என் சாப்பாட்டுப் பையும் இல்லை. பையை மட்டும் தெலுங்குக்கார நண்பர் ஒருவர் மறுநாள் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பாடு நன்றாக இருந்ததாம்.

புது ரேக் என்றால் கழிவறை வருமா? உட்கார இடம் கூடுமா, குறையுமா? இல்லை, புதுசை எல்லாம் நகரத்துக்குள் ஓட்டிவிட்டுப் பழசை எல்லைப் பக்கம் தள்ளிவிடுவார்களா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவடி ஷெட், ஓய்வு

தம்பி, யூனிட் வண்டியைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவன் சொல்கிறேன். முதலில் அந்தக் கடைசிச் சந்தேகத்தை விடுங்கள். 'எங்கள் லைன் வண்டி' என்று தனியாக ஒன்று கிடையாது. ரேக்குக்கு லிங்க் உண்டு, அதாவது எந்த ரேக் எப்போது எங்கே ஓட வேண்டும் என்ற சுற்று. காலையில் உங்களை ஏற்றி வந்த அதே ரேக் சாயங்காலம் அரக்கோணத்தில் நிற்கலாம்.

கணக்குப்படி ஒரு பெட்டிக்கு ஆயுள் 25 வருஷம். மோட்டார் போனால் மோட்டாரை மாற்றிவிடலாம். போவது உடம்புதான். வாசலோரத் தகட்டுக்குக் கீழே மழைத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அதோடு எண்ணூர்ப் பக்கத்து உப்புக் காற்று வேறு. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், சுத்தியலால் தட்டினால்தான் தெரியும். நல்ல தகடு 'ணங்' என்னும், போனது 'தொப்' என்னும். அதனால்தான் இப்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்கிறார்கள்.

பழைய வண்டி கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டுகிறீர்களே, ஏன் தெரியுமா? மேலே கம்பியில் 25,000 வோல்ட். அதை டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கி, டேப் சேஞ்சர் படிப்படியாக மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு வெட்டு. மோட்டார் டிசி, அதற்குக் கார்பன் பிரஷ், அது தேயும், மாற்ற வேண்டும். பிரஷ் தூள் மூக்கில் ஏறிய நாளெல்லாம் ராத்திரி சாதம் இறங்காது. புது த்ரீ ஃபேஸ் வண்டியில் பிரஷ்ஷும் இல்லை, வெட்டும் இல்லை. கிளம்பும்போது ஊளை மாதிரி ஒரு ராகம் இழுக்கும், அவ்வளவுதான். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சம் என்பார்கள். ரேக்கை மாற்றத் துருவும் இந்த மிச்சமும்தான் காரணம், உங்கள் பாட்டில் அந்தக் கணக்கில் வராது.

கழிவறை வேண்டுமென்றால் மெமு, அதாவது தூரத்து ஊர்களுக்கு ஓடும் மின்சார வண்டி, கேட்க வேண்டும். நெல்லூர் சூலூர்பேட்டைக்கு நடுவில் ஓடுகிறதே, அந்த வகை. அதில் கழிவறை உண்டு, தாழ்வான பிளாட்பாரத்துக்குப் படியும் உண்டு. ஆனால் காலை எட்டரைக்கு அதை பேசின் பிரிட்ஜில் நிறுத்திப் பாருங்கள். யூனிட்டில் வாசல் அகலம், அரை நிமிஷத்தில் பாதி வண்டி காலி. மெமுவில் அப்படிக் கொட்டாது. ஒரு வண்டி அங்கே ஒரு நிமிஷம் கூட நின்றால் பின்னால் வரிசையாக வண்டிகள் சிக்னலில் நிற்கும், உங்களையும் சேர்த்து.

ஏரிக்கரை நண்டு

அண்ணா, நான் பொன்னேரிப் பக்கம். அம்மா பழவேற்காட்டு நண்டும் இறாலும் வாங்கி, வியாபாரிகளுக்கான வெண்டார் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவார். சின்ன வயதில் லீவு நாளில் நானும் போவேன். அந்தப் பெட்டியில் உட்காரும் இடம் கூடையின் மேல்தான். பூக்காரம்மா ஒருவர் மீன் வாசனை ஒட்டாமலிருக்க மல்லி மூட்டையை ஜன்னல் கம்பியில் வெளிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிடுவார். மீஞ்சூர் வந்தால் எல்லாரும் அவசரமாக அவரைப் பார்ப்பார்கள், அவர் அவசரமே இல்லாமல் முடிச்சைச் சரிபார்ப்பார்.

என் கேள்வி இதுதான். 2025 ஏப்ரலில் கடற்கரை, செங்கல்பட்டு லைனில் பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டித் தொழிற்சாலை செய்த ஏசி வண்டி விட்டார்கள். குறைந்த டிக்கெட்டே 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5 ரூபாய். எங்கள் பக்கமும் எல்லாம் ஏசியாகிவிட்டால் மூடிய பெட்டிக்குள் மீன் கூடையை யார் விடுவார்கள்? நானே விடமாட்டேன், உண்மையைச் சொன்னால்.

ஓக்லண்டில் ஒரு சூலூர்பேட்டை

நான் சூலூர்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இப்போது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் இருக்கிறேன். இங்கே பார்ட் என்று ஒரு ரயில், 1972இல் ஆரம்பித்தது. ஆரம்பகாலப் பெட்டிகளில் பலவற்றைத் தட்டிக்கொட்டிக் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓட்டினார்கள். புதுசு 2018 ஜனவரியில் வந்தது. பழசுக்கு 2024 ஏப்ரலில் வழியனுப்பு விழா நடத்தினார்கள், ஜனங்கள் கல்யாண வீடு மாதிரி கூடிவிட்டார்கள்.

அண்ணா கேட்ட சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பழைய பெட்டியில் பக்கத்துக்கு இரண்டு கதவு, புதுசில் மூன்று. ஏறி இறங்குவது சீக்கிரம் முடிகிறது. ஆனால் மூன்றாவது கதவுக்கு இடம் எங்கிருந்து வரும்? பெட்டிக்குக் கொஞ்சம் சீட்டு குறைந்தது. ஊருக்குள்ளேயே போகிறவர்கள் கைதட்டினார்கள், கடைசி ஸ்டேஷன்காரர்கள் முணுமுணுத்தார்கள். அப்படியே நம் கதைதான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. மொத்தமாகச் செய்யும் முன்பே 2014இல் ஒரு மாதிரிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களை உள்ளே விட்டுக் கருத்துக் கேட்டார்கள். கதவுக்கு அருகே கைபிடிக்க நட்டிருந்த கம்பம் சக்கர நாற்காலிக்கு இடிக்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் சண்டை பிடித்தார்கள். கம்பம் விஷயத்தில் மாற்றம் செய்தார்கள். பெட்டி ஒரு தடவை வந்துவிட்டால் இருபத்தைந்து வருஷத்துக்கு அதுதான் பெட்டி. கேட்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டால்தான் உண்டு.

ஆவடி ஷெட், ஓய்வு

அந்தப் பெண் சொல்வது சரி. ஷெட்டுக்கு வந்த பெட்டியில் நாங்கள் ஒரு கொக்கியை இடம் மாற்றக்கூட மேலே எழுதிக் கேட்க வேண்டும். நண்டு கேட்டதற்கும் ஒரு வார்த்தை: செங்கல்பட்டு லைனில் ஏசி வந்த பிறகும் சாதாரண வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. வெண்டார் பெட்டி வேண்டும் என்றால் இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் காற்றில் போய்விடும்.

தடாக்காரரே, நீங்களும் மொத்த வண்டியையும் மெமுவாக்கு என்று கேட்காதீர்கள். கும்மிடிப்பூண்டியைத் தாண்டிப் போகும் காலை மாலை வண்டிகளில் ஒரே ஒரு பெட்டிக்காவது கழிவறை என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி, பயோ டேங்க், கழுவ ஷெட்டில் ஆள் என்று வேலை கூடும். செய்ய முடியாத வேலை இல்லை.

தடா சீசன்காரன்

எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்கால வண்டியிலேயே ஆரம்பித்துவிட்டோம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, 'ஒரு பெட்டியில் கழிவறை, வெண்டார் பெட்டி இப்போது இருப்பதுபோல, சீட்டைக் குறைக்காதே' என்று தமிழிலும் தெலுங்கிலும் மேலே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். தெலுங்கு எழுதியது சாப்பாட்டுப் பைக்காரர். ஆரம்பாக்கம் வருவதற்குள் இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. சீட்டாட்டக் கும்பல் மட்டும் ஆட்டம் முடியட்டும் என்றார்கள், அவர்கள் ஆட்டம் என்றைக்கு முடிந்திருக்கிறது?

இறங்கும் முன் வெண்டார் பெட்டிக்கும் போனேன். காலிக் கூடைகளோடு ஊர் திரும்பும் நண்டுக்கார அம்மா ஒருவர் கைநாட்டு வைக்க விரலை நீட்டிவிட்டு, பிறகு இழுத்துக்கொண்டார். "புது வண்டியில கதவு தானா மூடிக்குமாமே, நிசமா?" என்றார். ஏசி வண்டியில் அப்படித்தானாம் என்றேன். "மொத கூடைய ஏத்திட்டு ரெண்டாவது கூடைக்குத் திரும்புறதுக்குள்ள மூடிக்கிட்டா? நண்டு மட்டும் மெட்ராஸ் போவும், நான் தடாவுல நிக்கணுமா? அதையும் எழுது, அப்புறம் வெக்கிறேன்."

நான்காவது வரியாக எழுதியிருக்கிறேன்.