300 இசைக் குறுந்தகடுகளைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

கேள்வி:
என்னிடம் ஏறக்குறைய 300 இசைக் குறுந்தகடுகள் உள்ளன. சிலவற்றில் கீறல் விழுந்து பாட்டு தாவுகிறது. முன்பு ஒருமுறை ஐம்பது தகடுகளை 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளாக மாற்றினேன். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபோது ஜால்ராவின் ஓசை கலங்கலாக ஒலித்தது, பாதிக் கோப்புகளுக்கு ‘டிராக் 01’ என்பதே பெயராகவும் அமைந்துவிட்டது. இம்முறை எந்த வடிவத்தில் சேமிப்பது, எவ்வளவு இடம் வேண்டும், பெயர்களையெல்லாம் கையால்தான் தட்டச்சு செய்ய வேண்டுமா?

மறுமொழி 1:
ஃப்ளாக் (FLAC) என்ற ஒலிக்கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட் அளவில், இடது, வலது என இரு தடங்களில் பதிவாகியிருப்பதால் ஒரு நிமிட இசைக்குச் சுமார் 10 மெகாபைட் தேவைப்படும். ஃப்ளாக் அதில் ஒரு பிட்டையும் இழக்காமல் பெரும்பாலும் பாதியளவுக்குச் சுருக்கிவிடும். தகட்டுக்கு 350 மெகாபைட் என்று கணக்கிட்டால் உங்களுக்கு 105 ஜிகாபைட் போதும். கைப்பேசிக்கு எம்பி3 வேண்டுமானால் இதிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; எம்பி3-இலிருந்து பழைய தரத்தை மீட்க வழியில்லை.

மறுமொழி 2:
வடிவத்தைவிட முக்கியமானது, சரியாகப் படிக்கப்பட்டதா என்பதே. தரவுத் தகடுகளுக்கு இருக்கும் கூடுதல் பிழைதிருத்த அடுக்கு இசைத் தகடுகளுக்குக் கிடையாது. படிக்க முடியாத இடத்தை டிரைவ் தானே ஊகித்து நிரப்பிவிட்டு, பிழை நேர்ந்ததாக உங்களிடம் சொல்லாமலே போய்விடக்கூடும். ஆகவே விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனோயா போன்ற, ஐயமுள்ள பகுதிகளைத் திரும்பத் திரும்பப் படிக்கும் மென்பொருளையே பயன்படுத்துங்கள். முன்னதில் அக்யூரேட்ரிப் வசதியை இயக்கினால், அதே தகட்டை நகலெடுத்த பிறரின் சரிபார்ப்பு எண்ணோடு (படித்த ஒலித்தரவிலிருந்து கணக்கிடப்படும் எண்) உங்களுடையதை ஒப்பிட்டுக் காட்டும். கீறல் விழுந்த தகடுகளை நீரில் கழுவி, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். பெயர் அச்சிட்ட பக்கத்தில் ஆழமான கீறல் என்றால் நம்பிக்கை குறைவு, ஒளியைப் பிரதிபலிக்கும் படலம் அச்சுக்கு நேர் கீழேதான் இருக்கிறது.

மறுமொழி 3:
பெயர்களைப் பற்றி: பெரும்பாலான இசைத் தகடுகளில் பாடற்பெயர்களே பதிவாகியிருப்பதில்லை. மென்பொருள், பாடல்கள் தொடங்கும் இடங்களைக் கொண்டு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற தரவுத்தளத்தில் தேடுகிறது. அதனால் அரிதாக வேறொரு தகட்டின் பெயர்கள் வந்து உட்காருவதும் உண்டு. பழைய மென்பொருள்கள் நம்பியிருந்த ஃப்ரீடிபி என்ற தரவுத்தளம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. பலர் பாடிய தொகுப்புகளில் ‘ஆல்பம் கலைஞர்’ என்ற புலத்தில் எல்லாப் பாடல்களுக்கும் ஒரே பெயரை இடுங்கள். இல்லையேல் ஒரு தகடு பன்னிரண்டாகச் சிதறித் தெரியும். எழுத்துக்கூட்டலையும் முதல் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். நான் அதைத் தள்ளிப்போட்டதால், ஒரே பாடகர் என் பட்டியலில் நான்கு பேராக வாழ்ந்துகொண்டிருந்தார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தாவிக்கொண்டிருந்த தகடு ஒன்றைக் கழுவிவிட்டுப் படித்தேன். ஏழாவது பாடலைத் தவிர மற்றவை அக்யூரேட்ரிப் எண்களோடு ஒத்துப்போயின. எல்லாம் முடிந்தபின் தகடுகளைக் கொடுத்துவிடலாமா?

மறுமொழி 2:
வேண்டாம். வன்தட்டு ஒருநாள் பழுதாகும். வேறொரு வன்தட்டில் இரண்டாம் படி எடுத்து வையுங்கள். தகடுகள் மூன்றாம் படியாக அலமாரியிலேயே இருக்கட்டும். அந்த ஏழாவது பாடலை வேறொரு டிரைவில் இட்டும் முயன்று பாருங்கள், ஒன்று தவறவிடுவதை மற்றொன்று படித்துவிடுவதுண்டு.