கிரீமை நிறுத்தினால் முகம் எரிகிறது, என்ன செய்வது?

மழைத்துளி:
வணக்கம். நான்கு மாதமாக இரவில் ஒரு வெள்ளையாக்கும் கிரீம் பூசி வந்தேன். தெரிந்தவர் ஒருவர் கொடுத்தது, உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று டப்பாவில் ஒரு வரிகூட இல்லை. பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, பழைய பருத் தழும்புகூட மங்கியது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். போன வாரம் டப்பா தீர்ந்துபோய் மூன்று நாள் பூசவில்லை. கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று ஆகி, வெறும் தண்ணீர் பட்டாலே எரிகிறது, மோவாயில் பொடிப்பொடியாகப் பரு வேறு. புது டப்பா வாங்கிப் பூசினேன், மறுநாளே அடங்கிவிட்டது. அப்படியென்றால் கிரீம் நல்லதுதானே, என் தோல்தான் சரியில்லையா?

கரையோரம்:
உங்கள் தோலில் ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால் எரிச்சல், பூசினால் நிம்மதி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீராய்டைத்தான். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள், தோல் நோய்க்கு மருத்துவர் அளந்து சில நாட்களுக்குக் கொடுக்கிற மருந்துகள். அவை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அழற்சியை அடக்கும், அதனால்தான் முகம் சீக்கிரமே வெளுத்தமாதிரி தெரிகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும். சுருங்கியிருந்த குழாய்கள் மருந்து நின்றதும் ஒரேயடியாக விரியும், அந்தச் சிவப்பும் எரிச்சலும் அதுதான். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று மூக்கின் ஓரத்தைப் பாருங்கள், விரிந்த குழாய்கள் சிவப்பு நூல் ஓடுவதுபோலத் தெரிகிறதா?

வேப்பம்பூ:
சேர்மானப் பட்டியலே இல்லாத டப்பா என்றதும் எனக்குப் பாதரச பயமும் வருகிறது. அது தோலில் நிறமி உருவாவதைத் தடுக்கும், ஆனால் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையே பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களுக்கு எதிராக நிற்கிறது, இருந்தும் கள்ளத்தனமாக விற்கிறார்கள் என்பதுதான் ஆத்திரமாக இருக்கிறது. தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று டப்பாவில் எங்காவது எச்சரிக்கை இருந்தால் நிச்சயம் சந்தேகப்படுங்கள். பூசிய முகத்தைத் துடைத்த துண்டு, தலையணை உறை வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கும் போகும். டப்பாவைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி மருத்துவரிடமே கொண்டுபோங்கள், சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

நிலாமுற்றம்:
நான் இதே பாதையில் எட்டு மாதம் கஷ்டப்பட்டவள், அதனால் சொல்கிறேன். எரிகிறதே என்று நான் செய்த பெரிய தப்பு, ஒன்று மாற்றி ஒன்றாக எதையாவது பூசிப் பார்த்தது: ஸ்கரப், பழ அமில சீரம், வாசனை சோப்பு. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5 போல (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்). சாதாரண சோப்பு 9, 10 வரை போகும். ஏற்கெனவே மெலிந்த தோலில் அதைத் தேய்த்தால் இருக்கிற கொஞ்சம் பாதுகாப்பும் போய்விடும். சாதாரணத் தண்ணீர், வாசனை சேர்க்காத வாஸ்லின், இவ்வளவுதான். தோல் மருத்துவர் எனக்கு வேறு மருந்து கொடுத்து மெதுமெதுவாகக் குறைத்தார். நடுவில் முகம் இன்னும் மோசமாகத் தெரிந்த வாரங்கள் உண்டு, அப்போதுதான் பழைய டப்பாவை எடுக்கக் கை போகும். எடுக்காதீர்கள்.

மழைத்துளி:
மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பு நூல் தெரிகிறது. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்? அம்மாவும் நானும் ஒரே துண்டில்தான் முகம் துடைக்கிறோம், அதை நினைத்துத்தான் இப்போது அழுகையாக வருகிறது. நாளைக் காலை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். இன்று இரவு எரிந்தால் என்ன செய்வது?

நிலாமுற்றம்:
சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கிரீம் வேண்டாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.