ஹாட் ராடுக்கு நாமே தகடு அடிப்பது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

பழைய காரை நம் இஷ்டப்படி மாற்றிக் கட்டுவதுதான் ஹாட் ராட். அதற்காக ஃபோர்டின் பழைய மாடல் ஏ காரின் பாடியை 1932 ஃபோர்டு சேஸ் (அடிச்சட்டம்) மேல் உட்கார வைக்கிறவர்கள் எல்லோருக்கும் முதலில் இடிப்பது தரைதான். மாடல் ஏ-வின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம், 103.5 அங்குலம், 1932-க்கு 106. கவுல் பக்கம், அதாவது முன்கண்ணாடிக்கு அடியில் பாடி வரும் இடத்தில், சேஸைக் கொஞ்சம் ஒடுக்க வேண்டும், பாடிக்கு அடியில் ஓடும் சப்ரெயிலை வெட்டிச் சரிசெய்ய வேண்டும். அதோடு நம்மில் பலரும் பழைய மூன்று கியர் பெட்டியைக் கழற்றிவிட்டு டி5 ஐந்து கியர் பெட்டி போடுகிறோம். அதன் ஷிஃப்டர் வேறு இடத்தில் வரும். கேட்டலாக்கில் கிடைக்கும் ரெடிமேட் தரை இதில் எதற்கும் ஒத்துவராது. தரை, கியர் பெட்டியை மூடும் டனல், எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால் மூன்றையும் கையால்தான் செய்தாக வேண்டும்.

என்னுடையது 1929 ரோட்ஸ்டர், நிலையான கூரை இல்லாத வண்டி. வெளித்தகடு நல்ல நிலையில் வந்தது. உள்ளே தரை என்ற பெயரில் இருந்ததெல்லாம் யார் யாரோ போட்ட ஒட்டு. ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை ஏற்றி பாப் ரிவெட் அடித்திருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, உளியால் நெம்பினால் துரு செதில் செதிலாகக் கொட்டியது. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி வெல்டு வைத்தாலும் இதே கதிதான். விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டு வைப்பதே நல்லது என்று நான் நினைப்பதற்கு அந்தத் தரையைப் பார்த்ததும் ஒரு காரணம்.

பிளசன்டனில் நடக்கும் குட்கைஸ் கார் கண்காட்சியில், பழைய பாகங்கள் விற்கும் ஸ்வாப் மீட் பக்கம்தான் எனக்கு அதிக நேரம் போகும். அங்கே ஒரு பெரியவர் தரையில் போர்வை விரித்துப் பழைய சுத்தியல், தகட்டுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் டாலி எல்லாம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். லீஃப் ஸ்பிரிங் துண்டை வளைத்துச் செய்த ஸ்லாப்பர் (தகட்டைத் தட்டும் தட்டைக் கருவி) ஒன்றைக் கையில் எடுத்தேன். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். டனல் என்று சொல்லி, போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தவர் விலை பேசுவதையே மறந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க பாடி ஷாப்பில் வேலை பார்த்தவராம். சனிக்கிழமை கராஜுக்கு வா, 18 கேஜ் தகடு கொண்டு வா, மற்றதெல்லாம் என்னிடம் இருக்கிறது என்றார்.

18 கேஜ் என்றால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிமன். எண் கூடினால் தகடு மெல்லிசு. 20 கேஜ் தரைக்கு மெல்லிசு, வண்டி ஓடும்போது அதிரும். 16 கேஜ் போட்டால், தகட்டில் பீட் எனும் நீள மேட்டை எழுப்பும், கையால் சுற்றும் பீட் ரோலர் திணறும். தரைக்கும் ஃபயர்வாலுக்கும் 18 என்பது அவர் கணக்கு. நானும் அதையே பிடித்துக்கொண்டேன்.

போனதும் தகட்டில் கைவைக்க விடவில்லை. அட்டையைக் கொடுத்தார். சேஸ் மேல் காந்தம் வைத்து அட்டையை நிறுத்தி, கத்தரித்து, மடித்து, டேப் ஒட்டி, டனல் முழுவதையும் முதலில் அட்டையில் செய்ய வைத்தார். கியர் பெட்டிக்கும் அட்டைக்கும் நடுவே கைவிட்டுப் பார்த்து, எஞ்சின் மவுன்ட் அசையும் அளவுக்கு இடம் இருக்கிறதா என்று சோதித்தார். அப்புறம் ஒரு சின்னப் பட்டை வெட்டினார். சரியாக 4 அங்குல நீளம், நடுவில் கோடு. அதை பிரேக்கில், அதாவது தகடு மடிக்கும் மெஷினில், வைத்து 90 டிகிரி மடித்துவிட்டு இரண்டு காலையும் வெளிப்பக்கமாக அளந்தார். கூட்டினால் 4 அங்குலத்தைவிட அதிகம் வந்தது. அந்த அதிகம் எவ்வளவோ, அதை ஒவ்வொரு மடிப்புக்கும் கழித்துவிட்டுத்தான் தகட்டை வெட்ட வேண்டும். எந்த அட்டவணையும் தேவையில்லை. உன் மெஷினும் உன் தகடும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அந்தப் பட்டையே சொல்லிவிடும்.

எனக்கு உண்மையில் கண் திறந்தது பீட் போடும்போதுதான். தட்டையான தரையில் பீட் ஓட்டினால் விறைப்பு வரும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மேடு எங்கிருந்து வருகிறது? சுற்றியிருக்கும் தகட்டைத்தான் இழுத்துக்கொள்கிறது. பீட் ஓடிய இடத்தில் இழுபடும், வெளி ஓரத்தில் பழைய நீளம் அப்படியே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் தகடு எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதற்கு அவர் வைத்திருந்த வழி இதுதான். பீட் வரப்போகும் பட்டையை மார்க்கரால் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் முதலில் இங்கிலீஷ் வீலில், இரண்டு உருளைக்கு நடுவே தகட்டை அழுத்தும் மெஷினில், ஓட்டி நீட்டினார். நடுவில் தகடு தொப்பை போட்டது. பார்க்கவே பயமாக இருந்தது. அப்புறம் பீட் ரோலரில் விட்டார். நீட்டி வைத்த உபரியைப் பீட் எடுத்துக்கொள்ள, தொப்பை மறைந்து தகடு மேஜையில் அசையாமல் படுத்தது. வளைப்பதை விட்டால் தகட்டை இரண்டு விதமாகத்தான் மாற்ற முடியும், நீட்டலாம் அல்லது சுருக்கலாம் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

டனலின் முன்வாய் ஃபயர்வாலோடு சேரும் இடத்திலும் அதே கணக்குதான். வளைந்த வாயில் விளிம்பை வெளிப்பக்கம் மடித்தால் ஓரத்துக்கு நீளம் பற்றாது, தாடையால் தகட்டைக் கடித்து இழுக்கும் ஸ்ட்ரெச்சரில் கடித்துக் கடித்து நீட்ட வேண்டும். உள்பக்கம் மடித்தால் நீளம் மிஞ்சும், ஷ்ரிங்கரில் விட்டுச் சுருக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்திக் கடித்தால் பல்தடம் ஆழமாகப் பதிந்து அங்கேயே கிழியும். மெல்ல மெல்ல, ஓரம் முழுக்கச் சமமாகக் கடித்துப் போக வேண்டும்.

பொருத்திப் பார்க்க கிளிகோ போட்டோம். விமானத் தகட்டு வேலையில் புழங்கும் அந்தக் குட்டிப் பிடிப்பான்தான். நம் வேலைக்கும் விமான வேலைக்கும் உறவு பழையது. 1930-களிலேயே தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் ஃபோர்டுகளை உரித்து ஓட்டினார்கள். அந்த ஓட்டங்களை நடத்தும் எஸ்சிடிஏ (தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம்) தொடங்கியது 1937-ல். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் போர் விமானங்களின் எரிபொருள் டாங்குகளை மலிவாக வாங்கி, அதையே பாடியாக வைத்து லேக்ஸ்டர் என்ற பந்தய வண்டி கட்டினார்கள். கையில் கிடைத்த தகட்டைக் கொண்டு வண்டி செய்வது அப்போதிருந்தே இந்த ரத்தத்தில் இருக்கிறது. அதனால்தான் பாடி, சேஸ், தரை எல்லாமே பெட்டியில் வாங்கக் கிடைக்கிற இந்தக் காலத்திலும் ஒரு தகட்டையாவது சொந்தக் கையால் அடிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

வெல்டிங் டிக் (டங்ஸ்டன் முனையால் ஆர்க் பிடிக்கும் வகை). விளிம்புகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் அரம் போட்டுச் சேர்த்து, அங்குலத்துக்கு ஒன்று என்று டாக், அதாவது சின்னப் புள்ளி வெல்டு, வைத்தோம். வெல்டு ஆறும்போது அந்தக் கோடு சுருங்கும். சுருங்கினால் பக்கத்துத் தகடு பள்ளம் வாங்கும். நானாக இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாவித் தாவி வைத்திருப்பேன். அவர் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒரே ஓட்டமாக வைக்கச் சொன்னார். அப்போதுதான் கோடு முழுக்க ஒரே அளவாகச் சுருங்கும், ஒரே அளவாகத் திருப்பி நீட்டலாம். பிறகு அடியில் டாலியை ஒட்டிப் பிடித்து, வெல்டின் மேலேயே சுத்தியலால் தட்டி நீட்டினோம். கையில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு தகட்டின் மேல் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் துணி வழியாகக் கைக்குத் தெரியும் என்றார். தடவிப் பார்த்தேன், தெரிந்தது. மிக் வெல்டு (கம்பி தானாக வந்து உருகும் வகை) வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மேடாகவும் கடினமாகவும் வரும், தட்டினால் லேசில் நீளாது. அதற்குத் தாவித் தாவி வைப்பதுதான் சரி.

ட்ராய், மிச்சிகன்

அண்ணா, பீட் விஷயம் அருமை. நான் அலுமினியப் பக்கம் சொல்கிறேன். 1931 கூப்பேக்கு ஹூட் (எஞ்சின் மூடி) செய்தபோது மாலை நேர வகுப்பில் ஒரு ஆசிரியர் கிடைத்தார். நான் 6061-டி6 தகடு எடுத்துப் போகலாமா என்று கேட்டதும் தலையை ஆட்டினார். அது விறைப்பானது, நெருக்கி மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். உருட்டித் தட்ட வேண்டிய வேலைக்கு 3003-எச்14 என்ற மென்மையான வகையை எடு என்றார். 0.063 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் தடிமன்.

அதையும் மணல் பையில் வைத்து மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டே போனால் இறுகிவிடும். சத்தமே மாறும். மந்தமான சத்தம் போய் கணீர் என்று வரும். அந்த நேரத்தில் நிறுத்திவிட்டுத் தகட்டைச் சூடாக்கித் தளர்த்த வேண்டும். அலுமினியம் சூடானாலும் நிறம் மாறாது, 660 டிகிரி செல்சியஸில் திடீரென்று உருகி ஓடிவிடும். அதற்கு அவர் செய்ததைப் பார்க்க வேண்டுமே! அசிட்டிலினை மட்டும் திறந்து தகடு முழுக்கக் கரிப்புகை பூசினார். பிறகு ஆக்ஸிஜன் கலந்து பெரிய, மென்மையான சுடராக்கி, கரி மறையும் வரை மட்டும் மேலே வருடிக்கொண்டே போனார். கரி போன இடம் தயார், அங்கே நிற்காமல் நகர வேண்டும். ஆறியதும் கையாலேயே வளைக்க முடிந்தது. அந்த ஹூட்டின் மூக்குப் பக்கத்து வளைவு முழுக்க இப்படித் தளர்த்தித் தளர்த்தி அடித்ததுதான்.

ஆஸ்டின், டெக்சஸ்

இரண்டு பதிவுமே ரொம்பப் பிரயோஜனம். நான் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன், தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்து கராஜ்காரர் ஃபயர்வால் வெல்டு வைக்கும் முன் பிரேக் கிளீனர் ஸ்பிரேயை எடுத்தார். நான் ஓடிப்போய் கையைப் பிடித்தேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் மிச்சம் இருக்கும் தகட்டில் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் வரும். முதல் உலகப்போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. டப்பாவின் பின்பக்கம் படித்தோம், குளோரின் வகைதான். அதைத் தூக்கி வைத்துவிட்டு அசிட்டோன் போட்டுத் துடைத்தார். நன்றாகக் காய்ந்து, துணியையும் டப்பாவையும் தூர வைத்த பிறகுதான் வெல்டிங். அதேபோல, துரு பிடிக்காது என்று யாராவது ஜிங்க் பூசிய தகட்டை யோசனையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். வெல்டு வைக்கும்போது வரும் வெள்ளைப் புகை உள்ளே போனால் ராத்திரி குளிர்காய்ச்சல் வரலாம்.

அண்ணா, ஒரு கேள்வி. நானும் வீட்டுக்காரரும் 1930 மாடல் ஏ ஒன்றில் இறங்கியிருக்கிறோம். முதலில் இங்கிலீஷ் வீல் வாங்கிவிடலாமா?

ஃப்ரீமான்ட், கலிபோர்னியா

வேண்டாம் தங்கச்சி, அது கடைசியில் வாங்கலாம். பிரேக் கிளீனரைச் சொன்னதற்கு நன்றி, நானே அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

நல்ல தகரக் கத்தரி இடது, வலது இரண்டும், ஒரு பிக் சுத்தியல் (ஒரு முனை கூர்மையானது), ஒரு டாலி, ஒரு ஸ்லாப்பர், மணல் பை, கை நிறைய கிளிகோ. இவ்வளவு போதும் தொடங்க. அடுத்து காசு சேர்ந்தால் ஷ்ரிங்கர்-ஸ்ட்ரெச்சர். தரையும் ஃபயர்வாலும் அதிலேயே முடியும். நீளமான மடிப்புக்கு மட்டும் பக்கத்தில் ஏ.சி. டக்ட் செய்யும் பட்டறையில் கேளுங்கள். பெரிய பிரேக் அவர்களிடம் இருக்கும், அளவு குறித்துக் கொடுத்தால் மடித்துத் தருவார்கள்.

இன்னொன்று. மாடல் ஏ-வில் பெட்ரோல் டாங்க் கவுலிலேயே, டாஷுக்குப் பின்னால் இருக்கிறது. அதைப் பின்பக்கம் மாற்றப் போகிறீர்களா என்பதை ஃபயர்வாலுக்கு அட்டை வெட்டும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஸ்டியரிங் காலம், பெடல், வைப்பர், வயர் எல்லாம் எங்கே வரும் என்பது அதைப் பொறுத்துத்தான். அந்த டாங்கின் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம், காலி டாங்க் என்றாலும் ஆவி இருக்கும். கழற்றி வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அட்டை வெட்டியதும் படம் போடுங்கள், பெரியவரிடம் காட்டுகிறேன்.