காப்பகத்திலிருந்து வந்த முயல் கிட்டவே வரவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி: காப்பகத்திலிருந்து ஒரு பெண் முயலைத் தத்தெடுத்தோம். கையை நீட்டினாலே பின்னங்காலால் தரையைத் தட்டிவிட்டு மூலைக்கு ஓடுகிறது. அடிக்கடி தூக்கி வைத்துக்கொண்டால் பயம் தெளியுமா?

பதில்: தயவுசெய்து தூக்காதீர்கள். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. அறையில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதைக் கவனிக்காத மாதிரியே இருங்கள், அதுவாக வந்து காலை மோந்து பார்க்கும், அப்போதும் கை நீட்டாமல் இருப்பதுதான் கஷ்டமே. இரண்டு வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். உள்ளே இருக்கும்போது தொடவே கூடாது.

பதில்: மூக்குக்கு நேர் முன்னால் முயலுக்குக் கண் தெரியாது. பக்கவாட்டில் போய் நெற்றியைத் தடவுங்கள், தாடையை வேண்டாம். கொத்தமல்லித் தழை கையில் இருந்தால் நல்லது.

பதில்: எல்லாவற்றுக்கும் மேல் சாப்பாட்டைப் பாருங்கள். 12 மணி நேரம் எதுவும் தின்னாமல் புழுக்கையும் போடாமல் இருந்தால் பயம் என்று விட்டுவிடாதீர்கள், குடல் இயக்கம் நின்றிருக்கலாம், உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, பெட்டி இன்றைக்கே தயார் செய்கிறேன். உலர்ந்த புல்லை உள்ளேயே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. அப்புறம் விடியலிலும் அந்தியிலும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும், அந்த நேரத்தில் உட்காருங்கள்.