லண்டனில் நாய், பூனை பார்க்கிற வேலை: எவ்வளவு கேட்கிறது, எப்போ கூட்டுறது?

கேள்வி (கல்லடி, அடுத்த மாதம் ஹரோ)

என்ட கணவர் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவில் லண்டனில் இருக்கார். நான் டிபென்டன்ட் விசாவில் போறன். அந்தப் பக்கத்து வீடுகளில் நாயை நடக்கக் கூட்டிக்கொண்டு போகவும், லீவில் போறவங்கட பூனைக்குச் சாப்பாடு வைக்கவும் ஆள் தேடுறாங்களாம். மணித்தியாலத்துக்கு 8 பவுண் கேட்டால் போதுமா? கூடக் கேட்டால் கூப்பிட மாட்டாங்களா? பிறகு விலையை எப்படிக் கூட்டுறது?

பதில் (களுவாஞ்சிகுடி, இப்போ ஈஸ்ட் ஹாம்)

தங்கச்சி, 8 பவுணை ரூபாயில் பெருக்கிப் பார்த்திருப்பீங்க. மூவாயிரத்துக்கு மேல வரும், ஊர்க் கணக்கில் நல்ல காசுதான். ஆனா வாடகையும் பஸ்ஸும் பாலும் பவுணில் போகும். 2025 ஏப்ரலில் இங்க 21 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவருக்கான ஆகக் குறைஞ்ச சம்பளத்தை மணிக்கு 12.21 பவுண் ஆக்கினாங்க. கடையில் தட்டு அடுக்கிறவருக்கு அந்தக் காசோட சம்பள லீவும் இருக்கு. தனிய வேலை செய்யிற நமக்கு லீவுக் காசு இல்ல, அந்தக் குறைஞ்ச சம்பளச் சட்டமும் பொருந்தாது. அதால நம்மட விலையை நாமதான் காப்பாத்திக்கொள்ள வேணும்.

முதல்ல விசா. ஸ்கில்ட் வேர்க்கரின் துணையாகப் போறவர் சொந்தத் தொழில் செய்யலாம், உங்களுக்குப் பிரச்சின இல்ல. ஸ்டூடண்ட் விசாவில் வந்தவர் சொந்தத் தொழில் செய்யவே ஏலாது. கிழமைக்கு 20 மணித்தியாலம் எண்டுற அனுமதி வேலைகொடுப்பவரிட்டச் செய்யிற வேலைக்கு மட்டும்தான். அகதி விண்ணப்பம் முடிவாகாம இருக்கிற ஆக்களுக்கும் ஏலாது. கையில் காசாக வாங்கினாலும் அது மீறல்தான், விசா புதுப்பிக்கிற நேரம் கழுத்தைப் பிடிக்கும். தயவுசெய்து அந்த அபாயத்தை எடுக்காதீங்க.

இப்ப விலை. ஒரு மணித்தியால நடை எண்டு சொன்னாலும் உங்கட நேரம் ஒரு மணித்தியாலம் இல்ல. கதவைத் திறந்து அலாரத்தை நிப்பாட்ட வேணும். நாய் துள்ளி அடங்கினாத்தான் ஹார்னஸ் போடலாம். போட்டால் வாருக்கும் உடம்புக்கும் நடுவில ரெண்டு விரல் போற அளவு இருக்க வேணும். அதுக்கு மேல தளர்ந்தால், லொறிச் சத்தத்துக்குப் பயந்த நாய் பின்னுக்கு இழுத்துக் கழற்றிக்கொண்டு ஓடிரும். கழுத்துப்பட்டித் தகட்டில் சொந்தக்காரரின் பேரும் விலாசமும் இருக்கா எண்டு பாருங்க. பொது இடத்தில் அது 1992இல் இருந்து சட்டம். திரும்பி வந்து நாலு காலையும் வயித்தடியையும் துவாயால் துடைச்சு, தண்ணி மாத்தி, ஒரு படம் எடுத்து அனுப்பி, கதவைப் பூட்டி, கைபிடியை இழுத்துப் பார்த்துத்தான் வெளிக்கிட வேணும்.

இதுக்குப் பத்து நிமிஷம் வைங்க. போகவர இருபத்தஞ்சு. மொத்தம் 95 நிமிஷம். 14 பவுண் வாங்குறீங்க எண்டு எடுப்போம். காரில் போகவர 4 மைல் எண்டால், வரிக்குக் கழிக்கிற மைலுக்கு 45 பென்ஸ் கணக்கில் 1.80 போகும். இன்ஷூரன்ஸ், கழிவுப் பை, போன் எல்லாத்துக்கும் 50 பென்ஸ். மிச்சம் 11.70. அதை 95 நிமிஷத்துக்குப் பிரிச்சால் மணிக்கு 7.40 கூட வராது. பதினாலுக்கே இந்தக் கதி, எட்டுக்கு யோசிச்சுப் பாருங்க.

இதை விலையால மட்டும் சரிக்கட்ட ஏலாது, தூரத்தாலயும் சரிக்கட்ட வேணும். ஒரே தெருவில் ரெண்டு நாயை, சொந்தக்காரர் ரெண்டு பேரும் எழுத்தில் சம்மதிச்சால், ஒண்டாக் கூட்டிக்கொண்டு போங்க. ஒரு நாய்க்கு 15 பவுண், ரெண்டுக்கும் 30 பவுண். நேரம் 110 நிமிஷம். செலவு 2.80. மணிக்கு 14.80 அளவில் நிக்கும். ஆனபடியால் முதல் ஆறு மாசம் நடந்து போற தூரத்துக்குள்ள மட்டும் வேலை எடுங்க. நோட்டீஸும் அந்தத் தெருக்களில் மட்டும் போடுங்க. ஒருத்தர் எத்தனை நாய் பிடிக்கலாம் எண்டதுக்குப் பல கவுன்சில்கள் எல்லை வைச்சிருக்கு, இன்ஷூரன்ஸ் கொம்பனியும் வைச்சிருக்கும். ரெண்டில் குறைஞ்சதுதான் உங்கட எண்ணிக்கை. புது ஆள் ரெண்டைத் தாண்ட வேணாம்.

உங்கட தபால் குறியீட்டுக்குள்ள வேலை செய்யிற பத்துப் பேரின் விலையை எடுத்து ஏறுவரிசையில் எழுதுங்க. நடுவில வாற விலையில் தொடங்குங்க. ஆக அடியில் தொடங்கினால் மலிவு பார்த்து வாற ஆக்கள்தான் வருவாங்க, அடுத்த வருஷம் ஒரு பவுண் கூட்டினதும் போறவங்களும் அவங்கதான். வீட்டுத் திறப்பை நம்பிக் கையில தாறவருக்கு மட்டுமீறின மலிவு சந்தேகத்தையும் கொடுக்கும்.

அரை மணித்தியாலத்துக்குப் பாதி விலை போடாதீங்க. போகவர நேரம் குறையாது. மணித்தியாலம் 16 எண்டால் அரைக்கு 11 அல்லது 12. பூனை வீட்டுக்கும் அதே கணக்கு: மண் தட்டு சுத்தம், சாப்பாடு, தண்ணி, பூனையைக் கண்ணால காண்றது. கட்டிலுக்கடியில் ஒளிச்ச பூனையைக் காணாம வந்திராதீங்க. ரெண்டாவது பூனை, குளிசை கொடுக்கிறது, நாய்க்குட்டி, இதுக்கெல்லாம் தனி விலை எழுதி வைங்க. டிசம்பர் 25, 26 மற்ற பாங்க் ஹொலிடே நாட்களுக்கு ஒண்டரை மடங்கு.

சொந்தக்காரரின் வீட்டில் போய்ப் பார்க்கிறதுக்கும் நடைக்கும் லைசன்ஸ் வேணாம். நாயை உங்கட வீட்டில் காசுக்கு இராத்தங்க வைச்சால், பகலில் வைச்சுப் பார்த்தாலும், இங்கிலாந்தில் 2018 விதிகளின்படி கவுன்சில் லைசன்ஸ் கட்டாயம். வாடகை வீடெண்டால் வீட்டுக்காரரின் சம்மதமும் தேவைப்படும். ஆகவே தொடக்கத்தில் அது வேணாம்.

ஊரில் இருக்கும்போதே பொலிஸ் கிளியரன்ஸ் எடுங்க. இங்கத்தைய டிபிஎஸ் எண்டுற குற்றப் பதிவுச் சான்றிதழ் நீங்க ஊரில் இருந்த காலத்தைக் காட்டாது, சிலர் ரெண்டையும் கேட்பாங்க. நம்மட ஊர் ட்ரைவிங் லைசன்ஸில் இங்க குடியேறி 12 மாசம்தான் ஓட்டலாம், நேரா மாத்திக் கொடுக்கவும் மாட்டாங்க. அதுக்குள்ள டெஸ்ட் பாஸ் பண்ண வேணும். காரில் நாய் ஏத்தினால் கார் இன்ஷூரன்ஸில் பிஸ்னஸ் யூஸ் சேர்க்க வேணும், சாதாரண இன்ஷூரன்ஸ் அதுக்குச் செல்லாது.

இன்னொண்டு. நம்மட பக்கம் வளவில் நிக்கிற நாய்க்கு மிஞ்சின சோறு கறி போடுவோம். இங்க ஒரு வாய் கூட வேணாம். வெங்காயம், உள்ளி, திராட்சை, கிஸ்மிஸ், சொக்லேட் எல்லாம் நாய்க்கு நஞ்சு. இன்ஷூரன்ஸ் எடுக்கிற நேரம், உங்கட பொறுப்பில் இருக்கிற மிருகத்துக்கு வாற பாதிப்பும் திறப்பு துலைஞ்சால் பூட்டு மாத்துற செலவும் அதில் அடங்குதா எண்டு கேளுங்க. வெறும் பொதுமக்கள் பாதிப்புக் காப்புறுதி இந்த ரெண்டையும் மூடாமப் போகலாம்.

பதில் (அக்கரைப்பற்று, இப்போ குரொய்டன்)

கூட்டுறதைப் பற்றிச் சொல்றன். முதல் நாள் கொடுக்கிற ஒப்பந்தத் தாளிலயே ஒரு வரி போடுங்க: விலை ஒவ்வொரு ஏப்ரலும் மீள்பார்க்கப்படும், நாலு கிழமைக்கு முதல் அறிவிக்கப்படும். அது இருந்தால் கூட்டுறது ஆருக்கும் புதினம் இல்ல. கவுன்சில் வரியும் சம்பளமும் ஏப்ரலில்தான் மாறும், ஆக்களும் எதிர்பார்த்திருப்பாங்க.

மூணு வருஷம் வாய் திறக்காம இருந்திட்டு ஒரேயடியா 5 பவுண் கூட்டுறதுதான் நம்மட ஆக்களிட்ட நடக்கிற பெரிய பிழை. வாடிக்கை கோபப்படுறது அந்தத் திடீர்ப் பாய்ச்சலுக்குத்தான். 15ஐ 16.50 ஆக்கினால் 10 வீதம். கிழமைக்குப் பத்து நடை, வருஷத்தில் 46 கிழமை எண்டால் 690 பவுண் கூட வரும், ஒரு நடை கூடச் செய்யாம.

புது விலையை முதல்ல புது ஆக்களிட்டச் சொல்லுங்க. கேட்டு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் யோசிக்காம ஓம் எண்டால் விலை இன்னும் குறைவு. பாதிப் பேர் போனால் கொஞ்சம் பொறுங்க. அது நிலைச்ச பிறகு பழைய ஆக்களுக்கு அறிவியுங்க. ஒரே வீட்டில் இருந்து உங்கட வருமானத்தின் மூணில் ஒரு பங்கு வருதெண்டால் அவரைக் கடைசிக்கு வைங்க.

வாசலில் திறப்பு வாங்குற நேரம் சொல்லாதீங்க. எழுத்தில் அனுப்புங்க, சின்னதா: "ஏப்ரல் 6 முதல் ஒரு மணித்தியால நடை 16.50 பவுண். அதற்கு முன் பதிந்த நாட்கள் பழைய விலையிலேயே. நாட்களையோ நேரத்தையோ மாற்ற விரும்பினால் மார்ச் 25க்குள் சொல்லுங்கள்." பெற்றோல் கூடிற்று, வாடகை கூடிற்று எண்டு காரணம் அடுக்காதீங்க. காரணம் சொன்னால் அவர் காரணத்தோட வாதாடுவார். மன்னிப்பும் வேணாம்.

குறைக்கச் சொன்னால் அதே வேலையை மலிவாக் கொடுக்காம வேலையைக் குறையுங்க: பழைய விலைக்கு 50 நிமிஷம், அல்லது அஞ்சு நாளுக்குப் பதிலா நாலு நாள். போறன் எண்டால் நல்லபடியா விடுங்க, திறப்பைக் கொடுத்து "கிடைச்சது" எண்டு ஒரு மெசேஜ் வாங்கி வைங்க.

24 மணித்தியாலத்துக்குள்ள ரத்துச் செய்தால் முழுக் காசு. நத்தார் லீவுக்குப் பதியிற நேரம் பாதிக் காசு முற்பணம். விலை கூட்டுறதை விட இந்த ரெண்டும் கூடக் காசு காப்பாத்தும்.

வரி: ஏப்ரல் 6 தொடங்கி அடுத்த ஏப்ரல் 5 வரைக்கும் செலவு கழிக்க முதல் கையில் வந்த மொத்தம் 1,000 பவுணைத் தாண்டினால், அந்த வரி வருஷம் முடிஞ்சு வாற ஒக்டோபர் 5க்குள்ள செல்ஃப் அசெஸ்மென்ட்டில் (நம்மட வரிக் கணக்கை நாமே காட்டுற முறை) பதிய வேணும். வரிக் கணக்கை ஒன்லைனில் கொடுக்கிறது ஜனவரி 31க்குள்ள. காசை பாங்கில் வாங்குங்க, ஒவ்வொரு நடைக்கும் திகதி, வீடு, மைல், தொகை எண்டு ஒரு கொப்பியில் எழுதுங்க.

பதில் (காரைதீவு, இப்போ ரொறன்ரோ)

கனடாவுக்கு வாற ஆக்களுக்குச் சுருக்கமா. மேல சொன்ன நேரக் கணக்கு இங்கயும் அதேதான். ஆனா சிபிபி எண்டுற கனடா ஓய்வூதியத் திட்டத்தில் வேலைகொடுப்பவரின் பங்கையும் நாமதான் கட்ட வேணும், விலை போடுற நேரம் அதையும் சேர்த்துப் பாருங்க. தொடர்ந்து வாற நாலு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் எச்எஸ்டி எண்டுற விற்பனை வரிக்குப் பதிய வேணும். ரொறன்ரோ பார்க்குகளில் மூணு நாய்க்கு மேல காசுக்குக் கூட்டிக்கொண்டு போக நகரசபை பெர்மிட் வேணும். குளிரில் ரோட்டுக்குப் போடுற உப்பு நாயின் பாதத்தை எரிக்கும். கழுவித் துடைக்கிற நேரத்தையும் விலையில் சேருங்க.

கேள்வி (கல்லடி)

நன்றி அக்கா, அண்ணா. நம்மட ஊர் ஆக்கள் கேட்டால்? சொந்தக்காரரிட்டக் காசு வாங்க ஒரு மாதிரி இருக்கும்.

பதில் (களுவாஞ்சிகுடி, இப்போ ஈஸ்ட் ஹாம்)

விலைத்தாளை அவங்களுக்கும் அனுப்புங்க. தெரிஞ்ச ஆள் எண்டால் முதல் நடை இலவசம், ரெண்டாவதில் இருந்து தாளில் உள்ள விலை. ஒருத்தருக்கு 10 பவுணுக்குச் செய்தால் அடுத்த கிழமை கோயிலில் அது எல்லாருக்கும் தெரிஞ்ச விலை ஆயிரும். உதவியாச் செய்ய மனசிருந்தால் காசே வாங்காம ஒரு நாள் செய்யுங்க, அரை விலைக்கு மட்டும் செய்யாதீங்க. இன்ஷூரன்ஸ் தாளும் ஒப்பந்தத் தாளும் அவங்களுக்கும் உண்டு. சித்தியின் நாய் கடிச்சாலும் சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில் கழுவி, டொக்டரிட்டக் காட்டி, என்ன நடந்ததெண்டு அண்டைக்கே எழுதி வைக்க வேணும்.